மன்றாட்டும் மனுவும்: சூசை வழக்கும் நம் விசுவாசமும்



'எதிர்ப்பின் நடுவில் கடவுளை நம்புவது' என்பதை இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவின் பொருளாக எடுத்துக்கொண்டபோது நமக்குள்ளேயே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தலித் இலக்கிய மேடையில் கடவுளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். கடவுளைக் காட்டித்தானே நம்மைச் சேரியில் உட்கார வைத்தார்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. ஆகவே தேவாலயத்திலிருந்து தொடங்காமல் ஒரு தெருமுனையிலிருந்து தொடங்குகிறோம்.

அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பிரிகிறது. கார், பைக் உதிரிபாகக் கடைகள் நிறைந்த தெரு. உங்களில் பலர் அந்த வழியாகத்தான் ராயப்பேட்டைக்குப் போய் வருகிறீர்கள். 1980-களின் தொடக்கத்தில் அந்த இரண்டு சாலைகள் சேரும் இடத்தில் ஒருவர் நடைபாதையில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். பெயர் சூசை. பிறப்பால் ஆதிதிராவிடர், மதத்தால் கிறித்தவர். தன் சொந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு, வெயிலிலும் புழுதியிலும் மழையிலும் வேலை செய்துவந்தார். இது நாம் கற்பனை செய்து சொல்வதல்ல. நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று இப்படித்தான் தொடங்குகிறது. எத்தனையோ ராஜாக்களுக்கும் மந்திரிகளுக்கும் சிலை வைத்த அண்ணா சாலையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு செருப்புத் தொழிலாளி சட்ட வரலாற்றுக்குள் போனது இந்த வழியாகத்தான்.

அப்போது சாலையோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசின் காதி கிராமத் தொழில் வாரியம் மூலம் இலவசமாகப் பங்க் கடை கொடுத்தார்கள். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு பெட்டி, பூட்டிவிட்டுப் போக ஒரு கதவு. அவ்வளவுதான். ஆனால் அது பட்டியல் சாதியினருக்கான உதவி. கிறித்தவர் என்பதால் சூசைக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் அதே தோலை அதே ஊசியால் தைக்கும் இந்து ஆதிதிராவிடருக்கு உண்டு, இவருக்கு இல்லை. சூசை உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். 1985 செப்டம்பர் 30-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி.

ஒரு பங்க் கடைக்காக டெல்லி வரை போன வழக்கு என்று சட்டக் கல்லூரியில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு. நாம் சிரிக்கவில்லை. விசுவாசம் என்றால் என்ன என்று விளக்க, ஆயிரம் பிரசங்கங்களைவிட இந்த மனு நமக்கு உதவுகிறது. அது ஏன் என்று சொல்வதுதான் இந்த உரையின் வேலை.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். மாணவர்கள் இதை நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றுவரை வெளியே நிற்கிறோம். ஒவ்வோர் ஆகஸ்ட் 10-ஐயும் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதற்காகத்தான். தமிழ்நாட்டில் நமக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தனித்தொகுதியில் நிற்க முடியாது. ஆதிக்க சாதிக்காரன் அடித்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் உதவிக்கு வராது. அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை. காவல் நிலையத்தில்தான் அதைக் கேட்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சூசை உட்கார்ந்திருந்த முனைக்குப் பின்னால் இருக்கும் இதே ராயப்பேட்டையில்தான் அயோத்திதாசப் பண்டிதர் வாழ்ந்தார். 1898-இல் அடையாறு பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் துணையோடு இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றுத் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கத்தை நடத்தியதும் இங்கேதான். 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' வந்ததும் இங்கிருந்துதான். பண்டிதர் நடந்த வழியில் சூசை நடந்திருந்தால் 1990-க்குப் பிறகு அவருக்குப் பங்க் கடை கிடைத்திருக்கும். ஒரே தெரு, ஒரே சாதி. ஒருவர் தேர்ந்துகொண்ட விடுதலைப் பாதைக்கு அரசு பிற்காலத்தில் ஒப்புதல் தந்தது, மற்றவர் பாதைக்கு அபராதம் போட்டது. பௌத்தத் தோழர்கள் பெற்றதை நாம் குறை சொல்லவில்லை. அது அவர்கள் போராடிப் பெற்ற உரிமை. அளவுகோல் ஏன் இரண்டு என்றுதான் கேட்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. கிறித்தவரான தலித் ஒருவர் திரும்ப இந்துவானால், அவர் சாதியார் ஏற்றுக்கொண்டால், பட்டியல் சாதித் தகுதி திரும்ப வந்துவிடும் என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் சாதி எங்கே இருந்தது? வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைப்போல வெளியே காத்திருந்ததா? வெளியே வந்தால் காலில் தானாக மாட்டிக்கொள்ளுமா? செருப்பைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் சூசை. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சரி, விசுவாசத்துக்கு வருவோம். சென்னையில் தலித் கிறித்தவக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு ஒரு காட்சி தெரிந்திருக்கும். பள்ளிக்கூட அட்மிஷன் நாள். படிவத்தில் 'மதம்' என்ற கட்டம். அலுவலக எழுத்தர் பேனாவோடு நிமிர்ந்து பார்க்கிறார். அம்மா ஒரு நொடி பேசாமல் நிற்கிறார். அந்த ஒரு நொடிக்குள் எத்தனை கணக்கு! பிள்ளையின் கல்லூரி, உதவித்தொகை, வேலை ஒரு பக்கம். போன ஞாயிறு நன்மை வாங்கிய நாக்கு இன்னொரு பக்கம். பிறகு ஒரு பதில் வருகிறது. அந்தப் பதிலின்படி நம்மில் எத்தனையோ பேருக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. சான்றிதழில் ஒன்று, ஜெபமாலை பிடித்த பாட்டி கூப்பிடுவது இன்னொன்று.

சூசை அந்த நொடியில் வேறு பதில் சொன்னார். நான் ஆதிதிராவிடன், நான் கிறித்தவன், இரண்டும் நான்தான், எனக்குச் சேர வேண்டியதைக் கொடு என்றார். தீர்ப்பில் அவருடைய ஜெபம் பதிவாகவில்லை, மனுதான் பதிவாகியிருக்கிறது. ஆனால் இந்த மனுவையே ஜெபமாகப் படிக்கலாம் என்பதுதான் நம் கருத்து.

இங்கே நம் ஊர்ப் பிரசங்க மேடைகளோடு நமக்கு ஒரு சண்டை இருக்கிறது. எதிர்ப்பு வரும்போது கடவுளை நம்பு என்று சொன்னால் அங்கே பொருள் என்ன? பொறுத்துக்கொள், வாய் பேசாதே, கர்த்தர் பார்த்துக்கொள்வார், பரலோகத்தில் பலன் உண்டு. கூலி பேசப் போகாதே, ஜெபம் பண்ணு. பங்குச் சாமியாரிடம் கேள்வி கேட்காதே, தாழ்மையாக இரு. அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் பிடித்தார். கிறித்தவரான தீண்டத்தகாதோரின் நிலை பற்றிய கட்டுரையில், உன் துன்பத்துக்குக் காரணம் உன் பாவம் என்று கற்பித்தால் சுற்றியிருக்கும் சமூக அமைப்பை மாற்றும் வேகம் எங்கிருந்து வரும் என்பது அவர் எழுப்பிய விமர்சனத்தின் சாரம். கசப்பான விமர்சனம்தான். ஆனால் உண்மை. தலித் கிறித்தவர்கள் அதற்குப் பதில் சொல்ல முயல்வதைவிட, முதலில் அதை ஏற்றுக்கொள்வதுதான் யோக்கியம்.

பொறுமையைப் போதித்த திருச்சபையே எதிர்ப்பாகவும் இருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் புதைகுழிகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். இரு தரப்பும் ஒரே மாதாவைக் கும்பிட்டவர்கள். 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களைச் சந்தித்தபோது, திருச்சபைக்குள் சாதி இருக்கக் கூடாது என்று ரோமிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகளுக்கென்று ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட 2016 டிசம்பர் வரை ஆனது. துறவற மடத்தைவிட்டு வெளியே வந்த பாமா 'கருக்கு' எழுதியது 1992-இல். ஆயர்களைவிட எழுத்தாளர் இருபத்துநான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டார் என்பதை இலக்கிய மன்றமாக நாம் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஆக அரசும் எதிர்ப்பு, ஆலயமும் எதிர்ப்பு. மூன்றாவது எதிர்ப்பு, நாம் யாரை வணங்க வேண்டும் என்று நமக்குச் சொல்ல வருபவர்கள். 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது நினைவிருக்கும். 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு விலக்கிக்கொண்டார்கள். அதில் ஒரு விதி, சிறுவரையோ பெண்ணையோ பட்டியல் சாதி, பழங்குடியினரையோ மதம் மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது. சிறுபிள்ளை, பெண், தலித். சுயபுத்தி இல்லாதவர்கள் என்று சட்டம் போட்ட பட்டியல் இது. நம் தாத்தாக்கள் கோதுமைக்கும் பால் பவுடருக்கும் மதம் மாறினார்கள் என்று இன்றும் சொல்கிறவர்களின் மனசும் இதுதான். பசித்தவன் சிந்திக்கமாட்டான் என்று நினைப்பவர்கள் ஒருநாளும் பசித்திராதவர்கள்.

இப்படி மூன்று பக்கமும் அடைத்த பிறகு கடவுளை நம்புவது என்றால் என்ன? நம் தமிழிலேயே ஒரு விடை கிடக்கிறது. கத்தோலிக்கர்கள் பூசையில் மக்கள் சார்பாகச் செய்யும் வேண்டுதலை 'மன்றாட்டு' என்பார்கள். ஒருவர் வேண்ட, சபை முழுவதும் பதில் சொல்லும். சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகியதால் அந்தச் சொல்லைத் திறந்து பார்க்க நமக்குத் தோன்றியதில்லை. மன்று என்றால் ஊர் கூடும் அவை, வழக்குக் கேட்கும் இடம். நீதிமன்றத்தில் இருக்கும் மன்றம் அதுதான். நம் இலக்கிய மன்றமும் அதுதான். மன்றாடுவது என்றால் அவையில் நின்று நியாயம் கேட்பது. கெஞ்சுவது என்ற பொருளும் அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தனி அறையில் கண்ணை மூடிக் கெஞ்சுவதற்கும் நாலு பேர் நடுவில் எழுந்து நின்று வழக்கை வைப்பதற்கும் தூரம் அதிகம். நம் முன்னோர் ஜெபத்துக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஜெபம் என்பது வழக்குரைப்பது என்ற நினைவு அந்தச் சொல்லுக்குள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இது நம்முடைய சொல்விளையாட்டு மட்டும் என்று நினைக்க வேண்டாம். லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு கதை சொல்கிறார். ஓர் ஊரில் ஒரு நீதிபதி. கடவுளுக்கும் பயப்படாதவர், மனிதரையும் மதிக்காதவர். அதே ஊரில் ஒரு கைம்பெண். தன் எதிராளியிடமிருந்து நியாயம் வாங்கிக் கொடு என்று திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார். நீதிபதி அசையவில்லை. அவர் விடவில்லை. கடைசியில் தொல்லை தாங்காமல் நீதிபதி நியாயம் வழங்குகிறார். சளைக்காமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கு உதாரணமாக இந்தக் கதை எல்லா ஆலயங்களிலும் வாசிக்கப்படுகிறது. ஆனால் கதையின் முடிவில் இயேசு கேட்கும் கேள்வியை நம் போதகர்கள் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். மனுமகன் வரும்போது மண்ணில் விசுவாசத்தைக் காண்பாரோ என்று அவர் கேட்கிறார். அதாவது விசுவாசம் என்ற சொல்லை அவர் எதன்மேல் வைக்கிறார் என்று பாருங்கள். கோயில் தூணோரம் கண்ணீர் விடும் பெண்மேல் வைக்கவில்லை. நீதிமன்ற வாசலை விட்டு நகராத பெண்மேல் வைக்கிறார். கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பெயர்தான் விசுவாசம் என்கிறார்.

கடவுளுக்குப் பயப்படாத நீதிபதியிடம் ஒரு பெண் ஏன் திரும்பத் திரும்பப் போகிறாள்? அவன் நல்லவன் என்ற நம்பிக்கையிலா? இல்லை. நியாயம் தனக்குரியது என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தெரிதல் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ஊர் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை, சட்டமும் சொல்லித் தரவில்லை. உன்னை நான் மனிதராகப் படைத்தேன் என்று ஒருவர் சொன்னதாக அவள் நம்புகிறாள். அதைத்தான் நாங்கள், தலித் கிறித்தவர்கள், கடவுள் நம்பிக்கை என்கிறோம். நம்பிக்கை இல்லாத தோழர்கள் அந்தத் தெரிதலை அண்ணலிடமிருந்தோ பெரியாரிடமிருந்தோ மார்க்சிடமிருந்தோ பெற்றிருக்கலாம். அதில் எங்களுக்கு வழக்கில்லை. வாசலில் வந்து சேர்ந்து நில்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இப்போது தீர்ப்புக்குத் திரும்புவோம். நீதிபதி பாதக் எழுதிய அந்தத் தீர்ப்பு, மதம் மாறிய பிறகும் சாதி தொடர்வதாகக் காட்டினால் மட்டும் போதாது என்றது. இந்து சமூக அமைப்பில் அந்தச் சாதிக்கு இருந்த இழிவும் ஊனமும் புதிய மதச் சூழலிலும் அதே கொடுமையோடு தொடர்வதாக நிறுவ வேண்டும் என்றது. அப்படி நிறுவும் விரிவான ஆய்வு எதுவும் தன்முன் வைக்கப்படவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளியது. உன் காயத்தைக் காட்டு என்று கேட்டது, அவ்வளவுதான்.

இதைப் படிக்கும்போது மயிலாப்பூர் ஞாபகம் வராமல் இருக்காது. சாந்தோம் பேராலயம் புனித தோமாவின் கல்லறைமேல் கட்டப்பட்டது என்பது மரபு. பரங்கிமலையில் கொல்லப்பட்டு மயிலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பார்கள். அந்தத் தோமாவுக்குச் 'சந்தேகத் தோமா' என்று பட்டப்பெயர். உயிர்த்தெழுந்தவரை மற்றவர்கள் பார்த்ததாகச் சொன்னபோது, ஆணி அடித்த காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். அவருடைய அவநம்பிக்கையைப் பற்றியே பேசுகிறோம். எதை அவர் ஆதாரமாகக் கேட்டார் என்பதைக் கவனிப்பதில்லை. ஒளிவட்டத்தைக் கேட்கவில்லை, காயத்தைக் கேட்டார். இயேசுவும் கோபித்துக்கொள்ளாமல் காயத்தைக் காட்டினார்.

சாவையே வென்ற உடம்பில் காயம் ஆறாமல் இருந்தது. எங்கள் இறையியலுக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை. ஞானஸ்நானம் வாங்கினால் சாதி போய்விட்டதே, அப்புறம் என்ன சலுகை என்று கேட்கும் அரசுக்கும் இதுதான் பதில். கிறிஸ்துவுக்குள் சாதியே இல்லை, ஆகவே சாதியைப் பற்றிப் பேசாதே என்று வாயடைக்கும் திருச்சபைக்கும் இதுதான் பதில். உயிர்ப்பு காயத்தை அழிப்பதில்லை. காயத்தோடு எழுந்து வந்து அதைக் காட்ட வைக்கிறது. அரவிந்த் நிர்மல் சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலை ஒரு துறையாக நடத்தினார். சி.எஸ்.ஐ. சென்னைப் பேராயராக இருந்த எம். அசரியா தம் திருச்சபையின் சாதியைத் திருச்சபை மேடைகளிலேயே போட்டு உடைத்தார். அவர்கள் செய்ததையும் காயத்தைக் காட்டியது என்றே சொல்லலாம். காட்டுகிறவர்களைக் குழப்பவாதிகள் என்று சொல்லும் பழக்கம் மட்டும் நம் சபைகளில் இன்னும் ஆறவில்லை.

சூசை தோற்றார். ஆனால் அந்தத் தோல்வி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போனது. ஆய்வு இல்லை என்றார்கள் அல்லவா? 2007-இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. மூன்றாம் பத்தியை நீக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆணையத்தின் உறுப்பினர் செயலர் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2009 டிசம்பரில்தான் அது நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2008-இல் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே, அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டித் தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்துக்காக ஓர் அறிக்கை தந்தார். கிறித்தவ, இசுலாமிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி தர வலுவான நியாயம் இருக்கிறது என்பது அதன் முடிவு. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிற்கிறது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. அதன் காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. கைம்பெண் வந்துகொண்டே இருக்கிறாள், நீதிபதி இன்னும் எழுந்து வரவில்லை.

இடையில் 2024 நவம்பர் 26-ஆம் நாள், அரசமைப்புச் சட்ட நாளன்று, இன்னொரு தீர்ப்பு வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கு. கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின்மீது செய்யும் மோசடி என்றது நீதிமன்றம். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்ன சூசைக்குப் பங்க் கடை இல்லை. உண்மையை மறைத்தால் மோசடிக்காரர். விசுவாசத்துக்கு அரசே விலை வைக்கிறது. விலை கொடுக்க முடியாதவரின் விசுவாசம் போலி என்றும் அரசே சொல்கிறது. அந்தப் பெண்ணின் இடத்தில் இருக்கும் குடும்பங்கள் சென்னையில் ஒன்றிரண்டு அல்ல.

இதனால்தான் இரண்டு பெயரோடு வாழ்பவர்களைச் சூசையோடு ஒப்பிட்டுக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்கிறோம். படிவத்தின் முன் அம்மா மௌனமாக நின்ற அந்த ஒரு நொடியில் விசுவாசம் குறைந்துபோகவில்லை. எகிப்தில் எபிரேயக் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன மன்னனிடம் மருத்துவச்சிகள் சாமர்த்தியமாக ஒரு பொய் சொல்லிக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். யாத்திராகமம் அவர்களைக் கடவுளுக்குப் பயந்தவர்கள் என்றே சொல்கிறது. அவர்களுடைய பொய்யைக் கண்டிக்கவில்லை. தியாகம் செய்யக்கூடியவர் செய்யட்டும். பிள்ளையின் படிப்பை வைத்துத் தியாகம் செய் என்று ஒரு தாயிடம் சொல்ல, மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு வாய் வரக் கூடாது.

நம் நகரத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அடையாற்றங்கரையிலும் கூவத்தங்கரையிலும் இருந்த குடிசைகளைப் பிரித்து, கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து அடையாறு, மயிலாப்பூர், தி. நகர் வீடுகளுக்குப் பாத்திரம் துலக்க வரும் பெண்களில் பலர் ராத்திரி முழுக்க ஜெபக் கூட்டத்தில் இருந்துவிட்டு வருகிறார்கள். சின்ன அறைகளில் நடக்கும் பெந்தெகொஸ்தே சபைகள். உரத்த பாட்டு, கைதட்டல், கண்ணீர். இதைப் பார்த்து நம் முற்போக்குத் தோழர்கள் முகம் சுளிப்பார்கள். போதகர் காணிக்கை வாங்குவதைக் கேள்வி கேட்பது சரிதான், நாமும் கேட்கிறோம். ஆனால் அந்த அறையில் ஒரு பெண் எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லி, தனக்கு நடந்ததைச் சொல்லி, 'சாட்சி' கொடுக்கிறாள். பகல் முழுக்க அவள் வேலை செய்யும் வீடுகளில் அவளுக்குப் பெயர் கிடையாது. அவள் தம்ளர்கூடத் தனி. ராத்திரியில் ஒரு மன்று கூடி அவள் சொல்வதைக் கேட்கிறது. சாட்சி என்பதும் நீதிமன்றச் சொல்தான். அங்கே பழகிய நாக்கு ஒருநாள் வாரிய அலுவலகத்திலும் பேசும். பேச வைப்பது நம் வேலை.

அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறோம். ஆணையங்கள் வந்து போகும்போதெல்லாம் காயத்தைக் காட்டு என்ற பழைய கேள்வியைத்தான் கேட்கின்றன. கிராமத்துச் சேரிகளைப் பற்றி ஓரளவு ஆய்வுகள் இருக்கின்றன. மாநகரத்தில் சாதி இல்லை என்ற பொய் மட்டும் அப்படியே இருக்கிறது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் 'வெஜிடேரியன் ஒன்லி' பலகையின் கீழ் எந்தக் கிறித்தவருக்கு வீடு கிடைக்கிறது, எந்தக் கிறித்தவருக்குக் கிடைக்கவில்லை? பங்குப் பேரவைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நம் சபைகளின் பள்ளி கல்லூரிகளில் வகுப்பறையில் யார், கழிவறை கழுவும் வேலையில் யார்? கல்யாணப் பேச்சில் 'நாங்களும் கிறிஸ்டியன்தான்' என்று சொன்ன பிறகு அடுத்த கேள்வி என்ன வருகிறது? சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த ஆகஸ்ட் 10-க்கு முன் ஆளுக்குப் பத்து வீடுகளில் இதைக் கேட்டு எழுதி வர வேண்டும். முதல் வீடு உங்கள் சொந்த வீடாக இருக்கட்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. யார் வீட்டுக்குப் போனாலும் பெயரை எழுதாதீர்கள். சான்றிதழில் என்ன மதம் இருக்கிறது என்பதையும் எழுதாதீர்கள். உங்கள் நோட்டுப் புத்தகம் தவறான கையில் சிக்கினால் ஒரு பிள்ளையின் வேலை போய்விடும். வயது, தொழில், தெரு, நடந்தது என்ன, அது போதும். தன் பெயரைத் தானே முன்வந்து எழுதச் சொல்கிறவர் யாராவது இருந்தால் மட்டும், இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அவர் சொல்லும் பெயரை அவர் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள்.